தெருக்குத்து வீட்டுக்கு எத்தனை மதிப்பெண்

ஜூன் 3, செவ்வாய்

தூத்துக்குடி வந்து சேர்ந்தேன். வீட்டைத் திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. உப்புக் காற்றில் பூட்டு இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் திட்டிய பிறகுதான் திறந்தது. அம்மா இறந்ததிலிருந்து பூட்டிக் கிடக்கும் வீடு. ஓட்டலில் அறை போட்டுத் தருகிறோம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். சொந்த வீடு இருக்கும்போது ஓட்டல் என்ன ஓட்டல் என்று சொல்லிவிட்டேன். விற்பதற்கு முன் ஒரு தடவை சுத்தம் செய்யவும் வேண்டும்.

வந்த வேலை இதுதான். எங்கள் நங்கூரத் தெருவில் பாதாளச் சாக்கடைக்குப் பெரிய குழாய் பதிக்கப் போகிறார்கள். எப்படிப் பதித்தால் மண்ணுக்கும் காற்றுக்கும் மனிதர்களுக்கும் கேடு குறைவு என்று அளந்து மதிப்பெண் போட வேண்டும். வழி இரண்டு. தெருவை நெடுகப் பிளந்து குழாயை இறக்கி மூடுவது ஒன்று. ஓரிடத்தில் மட்டும் ஆழமாகக் குழி தோண்டி, இயந்திரத்தை உள்ளே இறக்கி, மேலே தெருவைத் தொடாமல் மண்ணுக்குள்ளேயே குழாயைத் தள்ளிக்கொண்டு போவது இன்னொன்று. டீசல் புகை, அள்ளுகிற மண், இறைக்கிற தண்ணீர், சாய்கிற மரம், படுக்கிற வியாபாரம், கெடுகிற தூக்கம் எல்லாவற்றுக்கும் என்னிடம் எண் இருக்கிறது. ஊர் ஊராகப் போய் இந்த எண்களைப் போட்டே தலை நரைத்துவிட்டது. சொந்தத் தெருவுக்குப் போடுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு இங்கே வீடு இருப்பதை முன்கூட்டியே தலைமை அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். ஆய்வு செய்பவரின் சொத்தை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பது விதி. வரைபடத்தில் எங்கள் வீட்டுக்குச் சாம்பல் நிறம் அடித்து ஒதுக்கியாயிற்று. எனக்கும் அதுதான் நிம்மதி.

ஜூன் 5, வியாழன்

முன்னறையைக் கழுவினேன். இடுப்பு கழன்றுவிட்டது.

எங்களுடையது தெருக்குத்து வீடு. நங்கூரத் தெரு நேராக வந்து எங்கள் வாசலில் முட்டி, இரண்டு சந்தாகப் பிரிந்து போகும். தெருக்குத்து ஆகாது என்று யாரும் வாங்கப் பயந்ததால் அப்பாவுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. மதிலில் ஒரு மாடம் கட்டி அந்தோணியாரைத் தெருவைப் பார்க்க நிறுத்திவிட்டு, "இனி வாறதயெல்லாம் அவரு பாத்துக்கிடுவாரு" என்று அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். வந்ததை எல்லாம் பார்த்துக்கொண்டது உண்மையில் அம்மாதான். முன்னறையில் 'ஹில்டா தட்டச்சுப் பயிற்சி நிலையம்' என்று பலகை மாட்டினாள். தெருவில் பத்தாவது முடித்த ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. காலையிலிருந்து இருட்டும்வரை டக் டக் என்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் படித்தேன், தூங்கினேன், காய்ச்சலில் கிடந்தேன்.

இப்போது கழுவிய தரையில் மேசைக் கால்கள் அழுந்திய பள்ளங்கள் வரிசையாகத் தெரிகின்றன. சிமென்ட் பூசி மட்டம் செய்தால் விலை கூடும் என்று தரகர் சொல்லியிருந்தார். செய்யலாம், அவசரமில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசை முடிந்து என் சிறுவயதுத் தோழி பிரகாசியின் பேக்கரிக்குப் போனேன். தெருவின் நடுவில், தெரு சற்று அகன்று கொடுக்கிற இடத்தில் இருக்கிறது. அவள் அப்பா போட்ட செங்கல் அடுப்பு, அதே நீலக் கதவு. கணவர் கப்பலில். கடையும் அடுப்பும் வேலைக்கு இருக்கும் நான்கு பெண்களும் இவள் பொறுப்பு.

"ஏட்டி ஜெனோவா, வந்து ஆறு நாளாச்சாம், இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா? மெட்ராஸ்காரி ஆயிட்ட" என்று ஆரம்பித்தவள், என்னை உட்கார வைத்து மக்ரூனை அள்ளி வைத்தாள். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, சீனியும் முந்திரிப் பொடியும் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, தணிந்த சூட்டில் விடிய விடியக் காய வைப்பார்கள். வாயில் போட்டால் நொறுங்கி, அடுத்த நொடி காணாமல் போகும். எத்தனை ஊரில் தின்றாலும் அது தூத்துக்குடி மக்ரூன் ஆகாது. இந்தத் தெருவில் எத்தனை கடையில் தின்றாலும் அது பிரகாசி கடை மக்ரூன் ஆகாது. இதை நான் நட்புக்காகச் சொல்லவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மூன்று மாதம்தான் அவளுக்கு வருடம் முழுவதற்குமான பிழைப்பு. வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் அப்போதுதான் எடுப்பார்கள். ஒரு வருடம் கைவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர மாட்டார்கள். இதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூன் 14, சனி

வீடு வீடாக விசாரணை முடிந்தது. தூசு, சத்தம், வண்டி வராமை, கடை வருமானம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எவ்வளவு தொந்தரவாக இருக்கும் என்று குறிக்க வேண்டும். மற்ற ஊர்களில் இந்த வேலைக்குப் போனால் சாபம்தான் கிடைக்கும். கும்பகோணத்துப் பக்கம் ஒரு அம்மாள் என்மீது சாணித் தண்ணீரே ஊற்றியிருக்கிறாள்.

இங்கே எல்லாம் தலைகீழ். போன இடமெல்லாம் நாற்காலி, மின்விசிறி, கலர் சோடா. "ஹில்டா டீச்சர் மவளா? டீச்சர்ட்ட படிச்சுத்தாம்மா நான் கோர்ட்ல வேலைக்குப் போனேன். நீ எதுக்கு வந்தாலும் நல்லதுக்குத்தான் வருவ." கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது, எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை என்று. டெய்லர் கஸ்பார் அண்ணன் ஒரு படி மேலே போனார். "தொந்தரவா? ஒன்னய பாத்ததே எங்களுக்குச் சந்தோசம். எல்லாத்துலயும் நல்ல மார்க் போட்டுக்க."

பிரகாசியும் அப்படியே சொன்னாள். சமூக ஏற்பில் இவ்வளவு உயர்ந்த மதிப்பெண்ணை என் வேலைக் காலத்தில் நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஜூன் 20, வெள்ளி

தெருவைப் பிளக்கும் முறைக்கு இன்று கணக்குப் போட்டேன். எல்லாப் பிரிவிலும் தோல்வி. இந்தக் குழாய்க்கு ஒன்றரை ஆள் ஆழத்துக்கும் மேலே போக வேண்டும். இங்கே இடுப்பளவைத் தாண்டினாலே உவர் தண்ணீர் ஊறுகிற மணல். தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தால் பவளக்கல் அடித்தளம் போட்ட பழைய வீடுகள் எல்லாம் வாய் பிளந்துவிடும். ஆகவே அந்த முறை வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

போக்குவரத்துத் தடைக்கு உரிய மதிப்பெண்ணைக் கழிக்கும்போது மட்டும் பேனா நின்றது. நான் ஏழாவது படிக்கும்போது குடிதண்ணீர்க் குழாய்க்காக இந்தத் தெருவை நெடுக வெட்டினார்கள். எங்கள் நெஞ்சளவு ஆழம்தான். கான்ட்ராக்டருக்கும் வேறு யாருக்குமோ தகராறாகி வெட்டியது வெட்டியபடி கிடந்தது. பரீட்சை முடிந்து தொடங்கிய வேலை, ஜூலைக் கடைசியில் மாதா கோவில் கொடி ஏறியும் முடியவில்லை.

பெரியவர்கள் தினமும் திட்டினார்கள். எங்களுக்கோ, உப்பு லாரி வராத தெரு முதல்முறையாகக் கிடைத்தது. அதுவரை பொம்பளைப் பிள்ளைகள் வாசலைத் தாண்டக் கூடாது, லாரி அடித்துவிடும் என்பதுதான் சட்டம். லாரியே இல்லாதபோது சட்டத்துக்கு என்ன வேலை? அம்மாக்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. குவித்துப் போட்ட மணலில் மேலிருந்து குதித்தோம். பழைய வள்ளத்துப் பலகைகளைக் குறுக்கே போட்டிருந்தார்கள். அதில் எதிரெதிரே வருகிறவர்கள் நின்று பேசித்தான் ஆக வேண்டும், ஒருவர் பின்வாங்கினால்தான் இன்னொருவர் போக முடியும். பல வருடமாகப் பேசாமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தப் பலகையில்தான் பேசிக்கொண்டார்கள். பிறகு சம்பந்தியும் ஆனார்கள்.

பிரகாசி அவள் அப்பா ரொட்டி கொண்டு போகும் சைக்கிளை, பின்னால் தகரப் பெட்டியோடு, தள்ளிக்கொண்டு வருவாள். "ஏறுட்டி. விழுந்தா மண்ணுலதான விழுவ" என்பாள். பேக்கரி வாசலிலிருந்து தள்ளிவிட்டால் எங்கள் வாசலில் அந்தோணியாரிடம் வந்து மோதி நிற்பேன். தட்டச்சு சத்தம் நிற்கும், அம்மா ஜன்னலில் தலையை நீட்டுவாள், திட்டாமல் உள்ளே போய்விடுவாள். அம்மாவும் சிரித்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்குப் பிறகு எங்கேயும் இருந்ததில்லை.

போக்குவரத்துத் தடைக்கு முழு மதிப்பெண்ணையும் கழித்தேன். கழிக்கத்தான் வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் இளவழகன் ஈரோட்டிலிருந்து வந்துவிட்டார். நல்ல பையன் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் நாற்பதைத் தாண்டியவர், மூன்று ஊரில் இந்த இயந்திரத்தை ஓட்டியவர். வரைபடத்தை விரித்து உட்கார்ந்தோம். மண்ணுக்குள் தள்ளும் முறைதான் என்று முடிவாகிவிட்டது. மதிப்பெண் அமோகம். மிச்சம் இருப்பது தொடக்கக் குழிக்கு இடம். லாரி அளவுக்கு அகலம், பக்கத்தில் கிரேன், குழாய் அடுக்க இடம், தண்ணீர் இறைக்கும் மோட்டார், ஜெனரேட்டர். செப்டம்பரில் தொடங்கி வருடக் கடைசிவரை மூட முடியாது.

தெருவில் அவ்வளவு அகலம் பேக்கரி முன்னால் மட்டும்தான் இருக்கிறது.

"இங்கிருந்து ரெண்டு பக்கமும் தள்ளிக்கலாமுங்க" என்றார் இளவழகன். பிறகு சாம்பல் நிறத்தில் விரலை வைத்தார். "இது என்னங்க மேடம்? கோட்டுக்கு நேரா இருக்குது, காலி வீடாட்டத் தெரியுது. இங்க குழியப் போட்டா நேரா ஒரே தள்ளு, தெருவத் தொடவே வேண்டியதில்லைங்களே."

"அது கணக்கில் வராது" என்றேன். விதியைச் சொன்னேன். அவர் சரிங்க என்று விரலை எடுத்துக்கொண்டார்.

விசாரணையில் பிரகாசி கஷ்டம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள். பதிவில் இருக்கிறது.

ஜூலை 2, புதன்

தரகர் போன் செய்தார். எடுக்கவில்லை. அந்தோணியார் மாடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.

ஜூலை 9, புதன்

பேக்கரி முன்னால் மண் பரிசோதனை. குழியின் சுவர் சரியாமல் இருக்க இரும்புத் தகடுகளை அடித்து இறக்குவார்கள். அதில் ஒன்றை மட்டும் மாதிரிக்கு அடித்துப் பார்த்தார்கள். என் கருவியில் அதிர்வு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. கட்டடத்துக்கு ஆபத்தில்லை என்று எழுதினேன்.

மாலையில் பேக்கரியின் பின்சந்து வழியாக வந்தேன். சந்து முழுக்கக் காக்கைகள். தட்டையாக அமுங்கிப்போன மக்ரூன்களைக் குப்பைக்கூடையோடு கொட்டி வைத்திருந்தார்கள், காக்கைகள் அவற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, அன்று பிழிந்தது முழுவதும். அடிக்கிற அதிர்வில் நுரை உட்கார்ந்துவிட்டிருக்கிறது. வீடு இடியாத அதிர்வுதான். ஆனால் முட்டை நுரைக்கு அனுமதித்த அளவு என்று என்னிடம் எந்த எண்ணும் இல்லை.

பிரகாசியிடம் கேட்டேன். "இன்னைக்கு முட்ட சரியில்லட்டி, கோடையில அப்டித்தான்" என்றாள். பொய் சொன்னால் அவள் அடுப்புக் கதவைத் தேவையில்லாமல் திறந்து பார்ப்பாள். திறந்து பார்த்தாள்.

ஜூலை 18, வெள்ளி

தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தேன். நம் கணக்கில் தெருவின் கஷ்டத்தை எல்லாம் கூட்டி எல்லாத் தலைக்கும் வகுக்கிறோம். அதனால் ஒரே ஒருத்தியின் தலையில் முழுவதும் விழுந்தாலும் சராசரியில் அது கரைந்துவிடுகிறது. அதிகம் இழப்பவர் எவ்வளவு இழக்கிறார் என்று தனியாக ஒரு கேள்வி சேர்க்கலாமா என்று கேட்டேன்.

பதில் வந்துவிட்டது. நல்ல யோசனை, அடுத்த பதிப்பில் பரிசீலிக்கலாம், இந்தத் திட்டத்துக்கு மாற்ற முடியாது. மேலும், குறிப்பிட்ட பேக்கரி உரிமையாளரே ஆட்சேபணை இல்லை என்று சொல்லியிருப்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள்.

அவர்கள்மேல் கோபப்பட்டு என்ன செய்வது, எழுதிக் கொடுத்ததே நான்தானே. சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ரவிக்கை தைக்கக் கொடுத்தது வாங்க கஸ்பார் அண்ணன் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில், குழிக்கு வேறு இடமே இல்லையே அண்ணே என்று அங்கலாய்த்தேன். அவர் துணியை மடித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி மட்டும் பட்டென்று, "ஏன் இல்லாம? ஒங்க வீடுதான் சும்மா கெடக்கு" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சும்மாருட்டி" என்று அவளை அதட்டினார் அண்ணன். எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்களா என்று கேட்டேன்.

"நெனைக்கதுக்கு என்னம்மா இருக்கு. தெருக்குத்து வீடு, நேர் கோடு, ஆளில்ல. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். அதுக்காக டீச்சர் வீட்டக் குடுன்னு எந்த வாயால கேக்க? நாங்க எல்லாம் சோறு திங்கிறதே அந்த முன்னறையில உக்காந்து படிச்சதாலதான். பிரகாசிதான் எல்லாருக்கும் சொல்லி வச்சா, ஒங்கிட்ட ஒருத்தரும் வாயத் தொறக்கப்புடாதுன்னு."

ஆக, கஷ்டம் இல்லை என்று எனக்கு அவர்கள் சொன்னது குழாயைப் பற்றி அல்ல. தெருவே கூடி என் வீட்டைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நான் அதைச் சமூக ஏற்பு என்று எழுதி மதிப்பெண் போட்டுப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

இன்றும் வீட்டைத்தான் சுற்றிச் சுற்றி வந்தேன். முன்வாசலில் குழி போட்டால் கிரேனுக்காக மதிலும் முன்னறையும் போக வேண்டும். முன்னறை போனால் சுண்ணாம்புச் சுவர் நிற்காது, முழு வீடும் போகும். விற்கத்தானே போகிறோம், வாங்குகிறவன் இடிக்கத்தான் போகிறான் என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்வது. விற்கப் போவதாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு அந்தோணியாருக்குச் சுண்ணாம்பு அடித்தவள் நான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். குழியிடத் தேர்விலிருந்து நான் விலகிக்கொள்கிறேன், அதை இளவழகனும் வேறொரு ஆய்வாளரும் செய்யட்டும், இடத்தின் உரிமையாளர் என்ற முறையில் என் வீட்டைத் தர எனக்குச் சம்மதம். எழுதிவிட்டு நேராகப் பேக்கரிக்குப் போய்ச் சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மாவுக் கையோடு என்னைப் பிடித்துத் தள்ளினாள்.

"கிறுக்கச்சி! ஒன்ன யாருட்டி கேட்டா? ஒரு வருசம் கட படுத்தா அடுத்த வருசம் எந்திரிக்கும். வீடு போனா வருமா?"

"ஒன் கட எந்திரிக்காது. எனக்குத் தெரியும். ஒனக்கும் தெரியும்."

"அது எம்பாடு. நாப்பது வருசமா கடக் கதவத் தொறந்தா மொதல்ல எதப் பாக்கேன்னு நெனைக்க? ஒங்க வீட்டத்தான் பாக்கேன். நீ வருசத்துக்கு ஒருக்கா வருவ, பூட்டுவ, போயிருவ. நான் தெனமும் பாக்கேன்."

வேலைக்காரப் பெண்கள் நான்கு பேரும் அடுப்பை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கும் ஒரு தட்டு மக்ரூன் வீணாயிற்று, அதற்கு மட்டும் குழாயைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சம்மதம் ஏற்கப்பட்டது. உரிமையாளரை விசாரிக்க, புது ஆய்வாளருக்காக இளவழகன் வந்தார். நான் தயாரித்த அதே கேள்விகள். முன்னறையில் தரையில் உட்கார்ந்தோம், நாற்காலிகளை அனுப்பிவிட்டேன்.

"வீட்டுல குடியிருக்கறவங்க எத்தனை பேருங்க?"

"யாரும் இல்லை."

"தொழில் ஏதாவது நடக்குதுங்களா?"

"இல்லை."

"மரம், கிணறு, புராதனக் கட்டடம்னு ஏதாச்சும்?"

"இல்லை."

"அப்ப பாதிப்பு பூஜ்யம்னு போட்டுக்கட்டுங்களா?"

போட்டுக்கொள்ளச் சொன்னேன். இந்தத் திட்டத்தில் மிகக் குறைந்த பாதிப்புள்ள இடம் எங்கள் வீடுதான். கணக்கில் தப்பில்லை, மனசுக்குள் நானும் போட்டுப் பார்த்தேன். அவர் எழுந்தபிறகும் மேசைக்கால் பள்ளத்தில் விரலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

இடித்துவிட்டார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அந்தோணியாரைப் பிரகாசி நேற்றே பேக்கரிக்குக் கொண்டுபோய்விட்டாள். நானும் பேக்கரி மாடியில்தான் தங்கியிருக்கிறேன்.

தெரு முழுவதும் வெளியே வந்து நின்றது. முன்னறைச் சுவர் விழுந்தபோது கஸ்பார் அண்ணன் காலில் இருந்த செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் அழவில்லை. செங்கல், சுண்ணாம்பு, மரம் என்று தனித்தனியாகப் பிரித்து மறுபயன்பாட்டுக்கு அனுப்பச் சொல்லி ஓட்டுநரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அப்படி எதையாவது செய்யாவிட்டால் நின்றிருக்க முடியாது.

அக்டோபர் 14, செவ்வாய்

இயந்திரம் இறங்கிவிட்டது. தெருவுக்கு அடியில் குழாய் போகிறது, மேலே ஆட்டோ போகிறது, யாருக்கும் தெரியவில்லை. பேக்கரி மாடியில் படுத்துக்கொண்டு பிரகாசியும் நானும் யார் யார் எங்கே போனார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். பல பேர் கனடாவில் இருக்கிறார்கள். சிலர் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. குழிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது, இறைத்துவிட்டார்கள். பிரகாசி ரொட்டி கொண்டு போகும் மொபெட்டை நான் ஓட்டிப் பார்த்தேன். "இப்ப விழுந்தா தார் ரோட்டுலட்டி" என்று பின்னாலிருந்து கத்தினாள். விழவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

குழாய் மறுமுனையை எட்டிவிட்டது. பிரகாசியின் கடைசிப் பெட்டி மக்ரூனும் துறைமுகத்துக்குப் போய்விட்டது. இவ்வளவு ஆர்டர் வந்ததில்லையாம். நான்கு பெண்களுக்கும் புதுச் சேலை எடுத்தாள், எனக்கும் ஒன்று. எனக்குப் பிடிக்காத நிறம், கட்டிக்கொண்டேன்.

டிசம்பர் 19, வெள்ளி

வேலை முடிந்தபின் எடுக்க வேண்டிய இறுதி விசாரணைக்கு இளவழகன் வீடு வீடாகப் போயிருந்தார். எனக்குச் சம்பந்தமுள்ள இடம் என்பதால் நான் போகக் கூடாது. மாலையில் மாடிக்கு ஏறி வந்தவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"மேடம், ஒரு சின்னச் சிக்கலுங்க. முன்னால நீங்க கேட்டப்ப யாருமே ஒரு கஷ்டமும் சொல்லலைங்க. இப்ப எல்லாரும் சொல்றாங்க."

சுவர் விரிசலா, கிணற்றில் உவர் ஏறிவிட்டதா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. இந்த வேலையால உங்களுக்கு என்ன நஷ்டம்னு டெய்லர் கடையில கேட்டனுங்க. 'டீச்சர் வீடு போச்சு'ன்னாரு. அது அவங்க வீடுங்களே, உங்க நஷ்டத்தச் சொல்லுங்கன்னேன். 'எங்க நஷ்டந்தான் அது, எழுதும்'னாரு. சரி, ஒருத்தர்தானேன்னு அடுத்த வீட்டுக்குப் போனா அங்கயும் அதே பதிலுங்க. தெருக்கோடி வரைக்கும் அதேதானுங்க. டைப்பிங் படிக்காதவங்க கூடச் சொல்றாங்க. கீழ பேக்கரி அக்கா, நான் எழுதி அதைப் படிச்சுக் காட்டற வரைக்கும் என்னை வெளிய விடலைங்க."

பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தார்.

"சமூகப் பாதிப்புல மதிப்பெண் விழுந்துருச்சுங்க மேடம். பூஜ்யம்னு காட்டியிருந்த இடத்துலதான் இப்ப எல்லாமே ஏறி நிக்குது. நல்ல திட்டம்னு பேர் வாங்க வேண்டியது, சுமாருக்கு வந்துருச்சு. ஆள் இல்லாத வீடுதானுங்களே, இதையெல்லாம் அடிச்சுட்டா யாருக்கும் தெரியாதுங்க. அடிச்சுடட்டுங்களா?"

"அடிக்காதீங்க" என்றேன்.

அவர் இறங்கிப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, இடித்த அன்றைக்கு அழாததையும் சேர்த்து அழுதேன். கீழே பிரகாசி யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமை அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒருவரும் குடியில்லாத ஒரு வீட்டை இத்தனை பேர் எப்படி இழந்தார்கள் என்று கேட்பார்கள். உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.